மலைக்குப் போன குரல்

கனவில் பூங்கோதை அக்கா பேசிக்கொண்டே இருக்கிறாள். பனிமூட்டத்தில் ஆள் தெரியவில்லை, குரல் மட்டும் வருகிறது. விழித்தால் அதுவும் இல்லை. தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு மாதமாக அவளுக்குப் பேச்சே கிடையாது.

நான் சும்மா இருக்கிற ஆளா? முன்பு அவள் போனில் அனுப்பிய பேச்சையெல்லாம் சொல் சொல்லாக வெட்டி ஒரு புரோகிராம் எழுதினேன். எழுத்தைத் தட்டினால் அவள் குரலிலேயே பேசும். எங்கள் ஊர் சந்தவாசலில், என் லேப்டாப்பில், கணீரென்று பேசியது. பென்டிரைவில் போட்டுக்கொண்டு அக்கா இருக்கும் ஜவ்வாது மலைக்குப் பஸ் ஏறினேன்.

அக்காவின் பழைய லேப்டாப்பில் கிளிக் செய்தேன். 'தேவையான கோப்பு இல்லை' என்று ஒரு பெட்டி வந்து நின்றது.

"என் மெஷின்ல நல்லா ஓடுச்சுக்கா!" என்று கத்தினேன்.

அவள் நோட்டில் எழுதிக் காட்டினாள்: 'உன் வூட்ல ஓடி எனக்கு இன்னாடி?'

குடைந்து பார்த்ததில் புரிந்தது. புரோகிராம் எழுதும் கருவிகளோடு என் லேப்டாப்பில் வந்து உட்கார்ந்த துணைக் கோப்புகளை நம்பித்தான் அது ஓடியிருக்கிறது. அக்காவிடம் அதெல்லாம் ஏது? மலை மேலே அன்று நெட்டும் எடுக்கவில்லை. இறங்கும் பஸ்ஸில் கண்ணயர்ந்தேன். கனவில் அக்கா வாயைத் திறந்தாள், அதே பெட்டி வந்தது. சீ, நானெல்லாம் ஒரு தங்கச்சி!

ஞாயிற்றுக்கிழமை குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க மறுபடி மலையேற வேண்டும். என் வீட்டுக்காரர் பார்த்திபன் அரிசி, வெல்லம், தீப்பெட்டி என்று மூட்டை கட்டினார். அடுப்புக்கு மூன்று செங்கல்லையும் திணித்தார்.

"மலைக்கே கல்லு தூக்கினு போறீங்களே, உங்கள இன்னா சொல்றது!"

"அங்க இருக்கும்னு நம்பிப் போனா அல்லாடணும். எங்க வூட்ல எப்பவும் இப்டித்தான்."

சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அன்றே துணைக் கோப்புகள் அத்தனையையும் புரோகிராமுக்குள்ளேயே சேர்த்துக் கட்டினேன். என் லேப்டாப்பை இனி நம்புவதாக இல்லை. போளூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன். அக்கா பேசினாள். கடைக்காரர் யாரென்று திரும்பிப் பார்த்தார்.

ஞாயிறு, பொங்கல் முடிந்து அக்கா வீட்டுக்குப் போனோம். அவள் நிதானமாகத் தட்டினாள். ஸ்பீக்கரை வாசல் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இன்னாங்க, சோறு ஆறுது, வாங்க!"

வெளியே ஒரே பனி. சாமைக் கொல்லையில் களை கொத்திக்கொண்டிருந்த அக்கா வீட்டுக்காரர் தேவராஜ் மாமா கண்ணுக்குத் தெரியவில்லை.

"தோ வர்றேன், இரு" என்று எப்போதும்போல் பதில் வந்தது. களைக்கொத்து இரண்டு முறை மண்ணில் விழுந்தது. பிறகு நின்றது. பிறகு அவர் ஓடி வருகிற சத்தம் கேட்டது.