மாயல்

தொலைக்காட்சித் தொடரில் வரும் மாறனையும் கயலையும் ‘மாயல்’ என்று முதலில் சேர்த்துக் கூப்பிட்டது யார் என்று விசாரித்துக்கொண்டு, சிதம்பரத்தில் மொழியியல் படிக்கும் ஸ்ரீமதி தேவனாம்பட்டினம் வந்தபோது, மலர்க்கொடி கரையில் படகை ஒட்டி நின்றிருந்தாள். அவள் புருஷன் ஞானசேகரன் அன்றுதான் படகின் பேரை மாற்றுவதாக இருந்தான்.

நேயர் நிகழ்ச்சிக்கு போன் போட்டு, “எங்க மாயலப் பிரிச்சிடாதீங்க” என்று மலர்க்கொடி அழுததிலிருந்துதான் அந்தப் பேர் பரவியது.

“இங்கிலீஷ் பத்திரிகையில ஜோடிங்க பேர ஒட்டி ஒண்ணா எழுதுவாங்களே, அதப் பாத்து வச்சீங்களாக்கா?” என்றாள் ஸ்ரீமதி.

“அதெல்லாம் நான் எங்க கண்டேன்? போட்டுக்கு வைக்கிற மாதிரி வச்சேன்.”

படகில் நீல எழுத்தில் ‘தீபிரகாஷ்’ என்றிருந்தது. பிள்ளைகளின் பேரை ஒட்டிப் படகுக்கு வைப்பார்கள். தீபிகா, ஜெயப்பிரகாஷ். சுனாமியில் இரண்டு பேரும் போனார்கள். பழைய படகும் போனது. நிவாரணத்தில் வந்த இந்தப் படகுக்கும் அதே பேரை எழுதச் சொன்னவள் அவள்தான். சுனாமியன்று கரையில் ஓடும்போது தனித்தனியாகக் கூப்பிட மூச்சுப் பத்தவில்லை. ஒருத்தியைக் கூப்பிடும் நேரத்தில், அம்மா தன்னைத் தேடவில்லை என்று மற்றவன் நினைத்துவிடுவானோ என்ற பயம் வேறு. படகின் பேரைச் சொல்லித்தான் கூவினாள். இதை ஸ்ரீமதியிடம் சொல்ல வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு, குடும்பக் கட்டுப்பாடு செய்த உடம்பை மறுபடி அறுத்துத் திறந்து அவள் பெற்ற மகன் ஹரிஷ். “என் பேரு ஏம்ப்பா போட்டுல இல்ல?” என்று அவன் கேட்டதால்தான் இப்போது பேர் மாறுகிறது. அவன் கேட்டது தப்பென்று அவளால் நினைக்க முடியவில்லை.

“மூணு புள்ளைங்க பேரையும் ஒட்டி எழுதேன்யா,” என்றாள் புருஷனிடம்.

“செத்ததுங்களோட இவனையும் ஒட்டச் சொல்றியா?” என்றான் ஞானசேகரன். “நாளைக்கு இவனும் இதுல ஏறப்போறவன், புள்ள.”

பழைய பேரைத் தேய்த்து அழிக்கப் பெயின்டர் உத்திராபதி உப்புத்தாளை எடுத்தான்.

“குடு. நான் தேய்க்கிறேன்.”

“கை பொத்துப்பூடும் அண்ணி.”

“பொத்துப்போவட்டும். நீ குடுடா.”

ஸ்ரீமதி ஒன்றும் புரியாமல் பின்னால் நகர்ந்தாள். மலர்க்கொடி முதல் எழுத்தைத் தேய்த்தாள். நீலம் பொடியாகி மணிக்கட்டு வரை படிந்தது. இரண்டாம் எழுத்தான ‘பி’யில் தாளை வைத்தாள். மகள் பேரிலும் அது இருந்தது, மகன் பேரிலும் இருந்தது.

“தேயி, வெயில் ஏறுது,” என்றான் ஞானசேகரன், கடலைப் பார்த்தபடி.

தாள் அந்த எழுத்தின் மேலேயே இருந்தது. கை அசையவில்லை.