சாம்பியன் சார்

ராஜகோபாலன் சாருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று சொன்னால் பொய். ஓட்டுவார், தேனாம்பேட்டை சிக்னலில் ஓட்டுகிற மாதிரி. தி.நகரில் பாத்திரக்கடை, ஆசைக்கு ஒரு ரேஸ் கார் வாங்கினார். ஸ்போர்ட்ஸ் கார் சாம்பியன்ஷிப்பில் ஒரு காரை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். இன்னொரு ஆள் நான், சிந்தாதிரிப்பேட்டை ஜுவேரியா.

சீசன் முழுக்க ஒரே கூத்து. நான் முன்னால் கொண்டுபோய்க் கொடுப்பேன், அவர் கோட்டை விடுவார், மறுபடி நான் ஏறி மீட்பேன். கோயம்புத்தூரில் காரை மண்ணில் இறக்கிவிட்டு, "டயர் சரியில்லம்மா" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டேன். சாம்பியனுக்கு மலேசியாவில் ஒரு பெரிய அணியின் காரில் சோதனை ஓட்டம் உண்டு. அதற்காக எதையும் பொறுப்பேன்.

கடைசிப் போட்டி ஸ்ரீபெரும்புதூரில், மூன்று மணி நேரம். ஆளுக்கு ஒரு மணி நேரமாவது ஓட்டினால்தான் அவரவர் கணக்கில் பாயிண்ட் ஏறும். நான் முதலில் ஏறி எல்லாரையும் பின்னால் தள்ளிவிட்டேன். அப்போது ரேடியோவில் சார் குரல்.

"ஜுவேரியா, ஆயில் ஒழுகுது. உடனே உள்ள வா."

போனேன். ஹெல்மெட், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். நான் இறங்கியதும் ஏறிப் பறந்துவிட்டார்.

மெக்கானிக் தங்கவேல் அண்ணன் ஓடி வந்தார். "இன்னா ஜூவி, ஒன் அவர் ஆவ இன்னும் அஞ்சு நிமிஷம் கீது. இன்னாத்துக்கு எறங்குன?"

"ஆயில் ஒழுகுதாமேண்ணா."

"எவன் சொன்னது? ஒரு சொட்டு இல்ல."

உடனே திரும்பி வரச் சொல்லி ரேடியோவில் கத்தினேன். பெட்ரோல் போட வந்தபோதும் மனுஷன் இறங்கவில்லை. நான் சேர்த்து வைத்த தூரத்தையெல்லாம் தின்று தீர்த்து நான்காவதாக வந்தார். பட்டத்துக்கு அது போதும். அந்தப் போட்டியில் எனக்குப் பாயிண்ட் இல்லாததால் அவர் மட்டும் சாம்பியன்.

மறுவாரம் ராஜா அண்ணாமலைபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். கப்புக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கூடத்தில் நிறுத்தியிருந்தார்.

"ஏன் சார் பொய் சொன்னீங்க?"

"கப்புல ஒரு பேரு இருந்தாத்தாம்மா பாக்க லட்சணம். கடைக்கு வர்றவங்க கேப்பாங்கல்ல?"

"அப்ப மலேசியா?"

"அதுவா? இந்த வயசுல அந்தக் காரெல்லாம் எனக்கு எதுக்கு? வேணாம்னு அன்னிக்கே சொல்லிட்டேன்." காபியை என் பக்கம் நகர்த்தினார். "அடுத்த சீசனும் நீதானே ஓட்டறே?"

அந்தக் கப்பைத் தூக்கி அவர் மண்டையில் போட்டிருக்க வேண்டும். இந்த ஊரில் எனக்குக் கார் கொடுக்க வேறு ஒரு ஆள் கிடையாது.

"ஓட்டறேன் சார்" என்றேன்.