பத்தில் ஆறு

புதன்கிழமை பெய்த மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு வெள்ளம் தொட்டிக்குள் இறங்கிவிட்டது. மாடுகளை நீந்தவிட்டு உண்ணி போக்கும் தொட்டி. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

அளவுகோலை இறக்கிப் பார்த்தேன். ஒன்பதாயிரம் லிட்டராக இருந்தது பதினைந்தாயிரமாகியிருந்தது. ஆயிரத்துக்கு ஒரு லிட்டர் மருந்து வேண்டும். உள்ளே இருப்பது ஒன்பது. இருக்கவேண்டியது பதினைந்து. கிடங்கில் ஒரு சொட்டும் இல்லை. பிப்ரவரிக்கு முன் வராது.

வியாழன் காலை முந்நூறு மாடுகள் வந்து நின்றன. கூட்டத்திடம் சொன்னேன்.

“பத்துல ஆறு பங்குதான் வேகம் இருக்கு. உண்ணி சாகாது.”

ஷிங்கியின் அம்மா தன் எருதின் கழுத்தைப் பிடித்தபடி முன்னால் வந்தாள். உண்ணியால் வரும் காய்ச்சலை எங்கள் குட்டு மாவட்டத்தில் ஜனவரி நோய் என்போம்; காதடியில் கட்டி வந்தால் மாடு பிழைப்பது அரிது. சென்ற வருடம் அதில் ஐந்து மாடுகளை இழந்தவள். உழுவதற்கு இந்த ஒன்றுதான்.

“ரெண்டு தடவ எறக்குனா பன்னெண்டு ஆகுதே அண்ணே. ரெண்டு மிச்சம்.”

“அப்படிக் கூட்டக்கூடாதும்மா. உப்பு கம்மியான கீரைய ரெண்டு தட்டு தின்னா உப்பு சரியாயிடுமா?”

“ரெண்டு தட்டு கெடச்சா உப்பு எவனுக்கு வேணும்?” என்றான் கூட்டத்தில் நின்ற முசேகிவா. எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. “வேற வழி சொல்லு.”

தொட்டியின் வாயிலிருந்து ஒதுங்கி நின்றேன். அவள் எருது இரண்டு முறை நீந்தியது. அதைப் பார்த்து எல்லோரும் இரண்டு முறை இறக்கினார்கள். ஒவ்வொரு மாடும் தன் மயிரில் கொஞ்சம் மருந்தை எடுத்துக்கொண்டு கரையேறியது. நான் மனதுக்குள் கழித்துக்கொண்டே இருந்தேன். ஆறு ஐந்தானது. பிறகு அதற்கும் கீழே.

இரண்டு வாரம் கழித்து அவள் எல்லோருக்கும் முன்னால் வந்து காத்திருந்தாள். என் கையைப் பிடித்து எருதின் காதடியில் வைத்தாள். கோழிமுட்டை அளவுக்குக் கட்டி. தோல் கொதித்தது.

“கொழுப்பா இருக்குமோ?”

மறு காதடியையும் தடவிப் பார்த்தேன்.

“இன்னிக்கு இத எறக்காத,” என்றேன். “நீந்துறதுக்குத் தெம்பு இருக்காது.”

அவள் கயிற்றைத் திருப்பிப் பிடித்தாள். வீடு ஆறு கிலோமீட்டர். எருது பத்தடிக்கு ஒருமுறை நின்றது. அது நிற்கும்போதெல்லாம் அவளும் நின்றாள்.