செல்லாயியின் பதில்மேல் ஒரு சிம்பொனி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்கு என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி ஒரு கேசட். 1987இல் மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு சீனரின் பழைய சாமான் கடையில் கிடைத்தது. உள்ளே ரேடியோவிலிருந்து பதிவுசெய்த ஒரு சிம்பொனி. எண்பது பேராவது சேர்ந்து வாசித்திருப்பார்கள். மெதுவான பகுதியில் வயலின்கள் எழும் இடத்தைப் பின்னால் சுற்றிச் சுற்றிக் கேட்பேன்.

ஆறு மாதம் கேட்டு உருகிய பிறகுதான் அட்டையைச் சரியாகப் பார்த்தேன். 'சிம்பொனி' என்ற ஆங்கில எழுத்துக்கு மேலே, கோடு போட்டு அடித்த ஒரு தமிழ் வரி: 'செல்லாயி, மகனுக்கு.'

கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது. ஆகவே போட்டவர் ஒரு கிராணி, தோட்டத்துக் கணக்கர். மற்றதெல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அன்று மழை

(வேண்டாம். நம் தோட்டத்துக் கதைகளில் ஏற்கெனவே போதுமான மழை பெய்துவிட்டது.)

இரண்டாவது தொடக்கம்: ஐயாத்துரை ஈவு இரக்கமற்ற

(இதுவும் வேண்டாம். அவர் கெட்டவராக இருந்தால் எனக்கு வேலை மிச்சம்.)

ஐயாத்துரை தோட்டத்தின் பெரிய கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர். மனைவி போனபின் சிம்பொனிதான் அவருக்குத் துணை. தோட்டத்திலேயே அவர் வீட்டில்தான் டேப் ரிக்கார்டர் இருந்தது. வாராவாரம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து வைப்பார்.

பால்மரம் வெட்டும் செல்லாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகன் அர்ச்சுனன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தான். கடிதத்துக்குப் பதிலாக ஒரே கேசட் தபாலில் போய்ப் போய் வரும். மகன் பேசியதன் மேலேயே தாய் பேசுவாள். தாய் பேசியதன் மேல் மகன் பேசுவான். கேட்டு முடித்த குரலை யாரும் சேர்த்துவைக்கவில்லை. அழிப்பதுதான் அங்கே பழக்கம்.

3

1979இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஐயாத்துரை வீட்டில். அர்ச்சுனனின் குரல்: "ரொம்ப ஒசரம்மா. சாரத்துல ஏறுனா காலு நடுங்குது. வந்துடவா? நீ சொல்ற வரைக்கும் ஏறிக்கிட்டுத்தான் இருப்பேன்."

செல்லாயி மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். "வந்துடுடா சாமி. வேல போனா போவட்டும். வந்துடு."

"திங்கக்கிழமை தபாலில போட்டுவிடுறன்," என்றார் ஐயாத்துரை.

அன்று மாலை ரேடியோவில் அந்த சிம்பொனி என்று பத்திரிகையில் போட்டிருந்தது. வீட்டில் வெற்று கேசட் இல்லை. டவுனுக்குக் கடைசி பஸ்ஸும் போய்விட்டது.

அவர் யோசிக்கவில்லை என்று எழுத ஆசை. யோசித்தார். சிம்பொனி இன்றைக்குப் போனால் போனதுதான். செல்லாயி பக்கத்து லயத்து வரிசை வீட்டில்தான் இருக்கிறாள், அடுத்த ஞாயிறு கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொல்லலாம், ஒரு சொல்தானே. யோசித்து முடித்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினார். அட்டையில் பெயரை அடித்துப் புதிதாக எழுதினார்.

வெள்ளிக்கிழமை தந்தி வந்தது. அர்ச்சுனன் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான்.

4

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலையில் செல்லாயி வந்தாள். உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றாள்.

"கிராணி ஐயா, ஒன்னே ஒன்னு கேக்கணும். நான் பேசுன டேப்பு அவன் கைக்குப் போயிருக்குமா?"

"ஏன் கேக்கிறாய் செல்லாயி?"

"வந்துடுன்னு சொன்னேன்லா. அத அவன் காதால கேட்டானா, கேக்காமயே போயிட்டானா? அது தெரிஞ்சா போதும்."

5

முடிவுகள்.

(அ) "கேட்டிருப்பான்," என்கிறார். அவள் கும்பிட்டுவிட்டுப் போகிறாள். அதன்பிறகு சாகும்வரை மகன்மேல் ஆத்திரம்: கேட்டும் ஏன்டா ஏறுன?

(ஆ) உண்மையைச் சொல்கிறார். அவள் கத்தவில்லை. "அந்தப் பாட்டு மறுபடி ரேடியோல வராதா ஐயா?" என்று மட்டும் கேட்கிறாள். இந்த முடிவை எழுதிய அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

(இ) தபாலில் தொலைந்துவிட்டது. ஐயாத்துரையைக் காப்பாற்ற இதற்காக ஒரு பக்கம் முழுக்க எழுதினேன், தபால்காரருக்குச் சீனி என்று பெயர்கூட வைத்தேன். ஆனால் கேசட் என் மேசைமேல் இருக்கிறது. அது எங்கும் போகவில்லை.

நேற்றும் சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேட்டேன். வயலின்களுக்கு அடியில் எந்தக் குரலும் இல்லை. ஐயாத்துரை நல்ல மெஷின்தான் வைத்திருந்திருக்கிறார், சுத்தமாக அழித்திருக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு அந்த இசை எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. அதுதான் அருவருப்பாக இருக்கிறது.

செல்லாயி இன்னும் படியில் நிற்கிறாள். ஐயாத்துரை வாயைத் திறந்துவிட்டு என்னைப் பார்க்கிறார். எனக்குத் தைரியமில்லை. இரண்டு பதிலும் உங்களுக்குத் தெரியும், நீங்களே சொல்லிவிடுங்கள். அவளை வெகுநேரம் நிற்க வைக்காதீர்கள். நாளை விடியலில் அவள் பெரட்டுக்குப் போய், பேர் கூப்பிடும்வரை வரிசையில் நிற்க வேண்டும்.