லிஃப்டுக்குள் பேயா, எந்திரமா

காவிரிமேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. எழுபத்து நாலு வயதில் பொய் சொல்லி எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. சந்தேகம் இருப்பவர்கள் மணப்பாறைக்குப் போய் மாட்டுத் தரகர் மூக்கனைக் கேட்கலாம். அவர் கூட்டித்தான் சொல்வார், குறைக்கமாட்டார்.

என் பெயர் சௌரிராஜன். தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்ரீரங்கத்தில் ஒரு அபார்ட்மெண்டில் மூன்றாம் மாடியில் வாசம். எனக்கும் மூக்கனுக்கும் சிநேகிதம் உண்டானது மன்னார்புரம் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில், ஒரு பேய்ப்படத்தின் ஐந்தாம் பாகத்தின்போது. ஹாலில் நாங்கள் இரண்டு பேர்தான். இடைவேளைக்குப் பிறகு பேய் திரையில் வந்து எட்டிப் பார்த்தது. காலி நாற்காலிகளைக் கண்டு மனசு விட்டுப்போய், கத்தாமலேயே திரும்பிவிட்டது. அன்றிலிருந்து பாகம் பாகமாக வரும் படம் எதுவானாலும் முதல் நாள் முதல் காட்சி சேர்ந்துதான் போகிறோம்.

கருத்தில் மட்டும் சேர்ந்ததில்லை. மூக்கன் பேய்க்கட்சி, நான் விண்வெளிக்கட்சி. முதல் பாகத்துப் பேய்க்கு ஒரு நியாயம் இருக்கிறது, யாரோ அதைக் கொன்றிருப்பார்கள். மூன்றாம் பாகத்தில் அதன் சித்தி மகள் வருகிறாள். ஆறாம் பாகத்தில் வருவது சம்பந்தமே இல்லாத வெளியூர்ப் பேய். அந்தக் குடும்பமும் வீட்டைக் காலி பண்ணாமல் பாகத்துக்கு ஒருத்தரைப் பலிகொடுத்துக்கொண்டு அங்கேயே கிடக்கிறது. இது என் குறை. திருச்சியில் வாடகைக்கு வீடு தேடிப் பார்த்தவன் காலி பண்ணச் சொல்லமாட்டான் என்பது மூக்கனின் பதில்.

விண்வெளிப் படங்களைப் பற்றி அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். முந்நூறு வருஷம் கழித்து நடக்கிற கதை. கப்பல் வெளிச்சத்தைவிட வேகமாகப் போகிறது. ஆனால் எல்லாப் பாகத்திலும் ஏதோ ஒரு கதவு திறக்காமல் மாட்டிக்கொள்கிறது.

"கதவு திறக்கத் தெரியாதவன் எதுக்கு சாமி செவ்வாய்க்குப் போறான்?"

நான் பேச்சை அவருடைய பேய்க்குத் திருப்பிவிடுவேன்.

போன மாசம் பேய்ப்படத்தின் ஏழாம் பாகம் வெளியான அன்று துவாதசி. முந்தின நாள் ஏகாதசி. முப்பத்தொரு வருஷமாக எங்கள் வீட்டில் ஏகாதசிக்குத் தண்ணீர்கூட வாயில் படாது. மறுநாள் துவாதசியில் குறித்த நேரத்துக்குள் சாப்பிட்டு விரதத்தை முடிக்கவேண்டும். அதற்குப் பாரணை என்று பேர். நேரம் தப்பினால் பட்டினி கிடந்ததற்குப் பலன் இல்லை. அன்றைக்கு எட்டு பதினேழு வரைதான் நேரம் என்று பஞ்சாங்கத்தில் இருந்தது. என் அகமுடையாள் வேதவதி நான் பாரணை பண்ணாமல் தான் பண்ணமாட்டாள். ஆக, எட்டு பதினேழில் மாட்டியிருந்தது இரண்டு பேருடைய முப்பத்தொரு வருஷம்.

பாரணைக்கு அகத்திக்கீரை முக்கியம். அது அன்று வீட்டில் இல்லை. நான் போய் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு திரும்பியபோது மணி ஏழே முக்கால். கேட்டில் மூக்கன், பத்து மணிக் காட்சிக்கு என்னை அழைத்துப் போகக் கையில் ஒரு பெரிய பை முறுக்குடன் நின்றிருந்தார். இருவரும் லிஃப்டில் ஏறினோம். இரண்டாம் மாடியைத் தாண்டியதும் அது ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மின்விசிறி நின்றது.

எங்கள் லிஃப்ட் தமிழ் பேசும். செக்ரட்டரி அச்யுத் ஆசைப்பட்டு வைத்த பெண்குரல்.

"கதவு திறக்கிறது," என்றது குரல். கதவு திறக்கவில்லை.

"கதவு திறக்கிறது," என்றது மறுபடியும். கதவு அப்படியே இருந்தது.

மூக்கன் பையைக் கீழே வைத்தார். முகத்தில் பயம் இல்லை. எதிர்பார்த்த சொந்தக்காரர் வந்த களைதான் இருந்தது. இது பேய் என்றார். பேச்சும் செய்கையும் பொருந்தாமல் இருப்பது பேய்க்குத்தான் வழக்கமாம். நான் மறுத்தேன். எந்திரத்துக்குச் சொந்தப் புத்தி வந்தால் அதுதான் முதலில் பொய் சொல்லும். விண்வெளிப் படத்தில் எட்டுப் பாகம் பார்த்தவன் நான். இது வெறும் வாக்குவாதம் இல்லை. பேயானால் குறை கேட்கவேண்டும், எந்திரமானால் குழப்பிவிடவேண்டும். வைத்தியமே வேறு.

மேலே இருந்து வேதவதியின் குரல் வந்தது. அச்யுத் மெக்கானிக்கைக் கூப்பிட்டாயிற்று, அவன் காவிரிப் பாலத்து நெரிசலில் நிற்கிறான், அடுப்படியில் கீரை தவிர மற்ற தளிகை எல்லாம் ஆகி இலை போட்டிருக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காத தொண்டை. பாதிச் சொல்லுக்கு மேல் கரகரத்தது.

"ஏன்னா, எட்டாயிடுத்து," என்றாள் கடைசியில்.

உள்ளே காற்றில்லை. கதவின் இடுக்கில் ஒரு துளசி இலை நுழைந்தாலே அதிசயம். மூக்கன் தோள்துண்டை எடுத்து எனக்கும் சேர்த்து விசிறினார். நாலு பக்கமும் எஃகுத் தகடு. எல்லாவற்றிலும் நாங்களே வியர்த்துக்கொண்டு தெரிந்தோம். அங்கே இருந்தது இரண்டு பேர், தகட்டில் எண்ணினால் எட்டுப் பேர். மூக்கன் ஒன்பது என்றார். நான் திரும்ப எண்ணவில்லை.

அவர் முறைப்படி ஆரம்பித்தார். குரல் வருகிற ஓட்டையின்முன் கைகூப்பி நின்று, சந்தையில் மிரண்ட பசுவைத் தேற்றுகிற குரலில் கேட்டார்.

"என்ன குறை ஆத்தா உனக்கு? வாயைத் திறந்து சொல்லு."

"அதிக எடை," என்றது லிஃப்ட். "ஒருவர் இறங்கவும்."

மூக்கன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பேய்ப்படத்தில் முதலில் தனியாக வெளியே போகிறவன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அது எங்கள் இரண்டு கட்சிக்கும் தெரியும். இறங்கக் கதவும் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

கூடுதல் எடை முறுக்குதான் என்று மூக்கன் முடிவு கட்டினார். அதைத் தின்றுவிட்டால் பாரம் குறையுமாம். தின்றாலும் எடை லிஃப்டுக்குள்தானே இருக்கும் என்று விஞ்ஞானம் சொன்னேன். அதற்குள் ஆறு முறுக்கு தின்றிருந்தார். எனக்கும் ஒன்று நீட்டினார். வெளியில் பண்ணினது, பெருமாளுக்குக் காட்டாதது என்று மறுத்துவிட்டேன்.

பிறகு என் முறை. எந்திரத்தைக் குழப்ப, திற என்கிற பட்டனையும் மூடு என்கிற பட்டனையும் ஒரே சமயத்தில் அழுத்தினேன். விளக்கு அணைந்தது. லிஃப்ட் ஒரு முழம் கீழே இறங்கிற்று. "உங்க விஞ்ஞானம் நல்லா இருக்கு சாமி," என்று இருட்டுக்குள் இருந்து சொன்னார் மூக்கன்.

"எட்டு பத்து," என்றாள் வேதவதி. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள் என்று குரல் வந்த இடத்தை வைத்துத் தெரிந்தது. தனக்கென்ன, நாழி தப்பினால் தப்பட்டும், நான் பதறவேண்டாம் என்றாள். முப்பத்தொரு வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அந்தத் தகடுகள் நாலும் கிட்டே வந்த மாதிரி இருந்தது.

மூக்கன் செல்போன் வெளிச்சத்தைப் போட்டு, என் கையிலிருந்த கட்டைப் பார்த்தார்.

"சாமி, கீரை உங்க கிட்டதானே இருக்கு?"

பச்சையாகவா என்றேன். மாடு பச்சையாகத்தான் தின்கிறது, ஒரு மாடும் செத்ததில்லை என்றார். ஆனால் பெருமாளுக்குக் காட்டாமல் வாயில் வைக்கமுடியாது. அதற்கு வழி சொன்னவள் வேதவதி. கீரை இருக்கிற திசையைச் சொல்லுங்கோ என்றாள். லிஃப்டின் வலது மூலை, முறுக்குப் பைக்குமேல் என்றேன். அவள் மேலே கதவுக்கு வெளியிலிருந்தே தீர்த்தத்தால் சுற்றி, சொல்லவேண்டியதைச் சொன்னாள்.

"கண்டருளப் பண்ணியாச்சு. ஏன்னா, எட்டு பதினாலு."

"கடவாயில போட்டு அரைங்க," என்றார் மூக்கன். "முன்பல்லுல கடிச்சா கசக்கும். அவசரப்படாதீங்க, காளைக்கே ரெண்டு தரம் அசை போடணும்."

கடவாயிலும் கசந்தது. காதுவரைக்கும் கசந்தது. பாதிக் கட்டு உள்ளே போனதும் விழுங்கிவிட்டேன் என்று கத்தினேன். மேலே தீர்த்தப் பாத்திரம் பல்லில் படுகிற சத்தம் கேட்டது. நேரம் எட்டு பதினாறு.

விளக்கு எரிந்தது. "கதவு திறக்கிறது," என்றது குரல். திறந்தது. மூன்றாம் மாடித் தரை என் மார்பளவுக்கு இருந்தது. அங்கே வேதவதி ஈர வாயோடு உட்கார்ந்திருந்தாள். மூக்கன் கீழிருந்து என்னைத் தூக்கிவிட்டார். விரதம் நிறைந்த திருப்தியில் ஆத்தா விட்டுவிட்டாள் என்பது அவர் கட்சி. பச்சை அகத்தி தின்கிற உயிரை எந்திரம் மனுஷக் கணக்கில் சேர்க்காமல் எடையைக் குறைத்துக்கொண்டது என்பது என் கட்சி. பத்து மணிக் காட்சியில் இதைப் பற்றிப் பேசியே ஏழாம் பாகத்தைக் கோட்டைவிட்டோம்.

அன்று காலை கீரை வாங்கப் போன வழியில், ஏழே காலுக்கு, நான் ஓட்டலில் நாலு இட்லியும் ஒரு மெதுவடையும் சாப்பிட்டிருந்தேன்.