ஒன்றாம் நம்பர் பிளாக்

மெழுகக்கா அறுப்பு இயந்திரத்தின் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினாள். கத்தி அசையவில்லை. அதன் எதிரே பிடிப்பில் இறுக்கியிருந்த, சதைத்துணுக்கு பதித்த மெழுகுப் பிளாக்தான் மேலிருந்து இறங்கி, கத்தியில் உரசி, திரும்பவும் மேலே போனது. ஒவ்வொரு சுற்றுக்கும் இயந்திரம் பிளாக்கைத் துளியளவு முன்னால் தள்ளும். அந்தத் துளி என்பது ஒரு தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய துண்டு ஒன்று கத்தியின் மேல் படியும். அடுத்த சுற்றில் இன்னொன்று வந்து முந்தியதன் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். பத்துச் சுற்றில் ஒரு ரிப்பன். அதைத் தூரிகை நுனியால் தூக்கி வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டால் சுருக்கம் நீங்கி விரியும். கண்ணாடித் தகட்டைத் தண்ணீருக்குள் சரித்து, கீழிருந்து ஏந்தி எடுக்க வேண்டும்.

"ஃபேனப் போட்டுத் தொலைக்கக் கூடாதா? வெந்து சாகுறேன்" என்றாள் சாயக்காரி. துண்டுகளுக்கு நிறமேற்றுவது அவள் வேலை. விரல் நகங்கள் எப்போதும் ஊதாவாக இருக்கும்.

"போடேன். துண்டெல்லாம் பறந்து போயி உன் மூக்குல ஒட்டும். நாளைக்கு உன் மூக்குக்குப் புத்துநோய்னு ரிப்போர்ட் வரும்."

அந்த நிலவறையில் இருந்தது அவர்கள் இருவர்தான். சுவருக்கு அப்பால் இரும்பு அலமாரிகளில் இரண்டு லட்சம் பிளாக்குகள் இருந்தன. அறுபது ஆண்டுகளுக்கு முன் இரண்டே அறைகளில் இந்தப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கிய முதல் டாக்டரம்மாவிடம் சொந்தமாக மைக்ராஸ்கோப் கூடக் கிடையாது. இரண்டு விதிகள் மட்டும் இருந்தன. ஒன்று, எவருடைய கட்டியையும் எறியக் கூடாது; மெழுகில் பதித்து வைக்க வேண்டும். இரண்டு, சிகிச்சை முடிந்து போனவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு தபால் அட்டை போட்டு, நலமா என்று கேட்க வேண்டும். பதில் வந்தால் பேரேட்டில் ஒட்ட வேண்டும். அந்த அம்மா இறந்த பிறகும் அட்டைகள் போய்க்கொண்டிருந்தன. இரண்டு அறைகள் பதினொரு மாடிகளாயின. யாருக்கு என்ன கட்டி, அதற்குப் பின் அவர் எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்பது இரண்டு லட்சம் பேருக்கும் அங்கே எழுதப்பட்டிருந்தது.

படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. சின்ன டாக்டர் லிஃப்டுக்குக் காத்திருக்கும் ரகமில்லை.

"அக்கா, நம்ம ஆராய்ச்சிக்கு மேலிடத்துல ஒத்துக்கிட்டாங்க! ஆனா ஒரு கண்டிஷன்."

"மூச்ச விட்டுட்டுப் பேசுங்க டாக்டர். உக்காருங்க மொதல்ல."

அவள் உட்காரவில்லை. "ஒண்ணாம் நம்பர் பிளாக்க அறுத்துக் காட்டணுமாம். இருக்கறதுலயே பழசு அதுதானே. அதுல பத்துத் துண்டு நல்லா வந்து, நம்ம பரிசோதனையும் வேலை செஞ்சா, மத்த பிளாக்கும் வேலை செய்யும்னு நம்புவாங்க. அஞ்சு வருஷத்துக்கு நிதி வரும். இந்த ஸ்டோரும் இருக்கும், நீங்க ரெண்டு பேரும் இருப்பீங்க."

"வரலைன்னா?"

"எல்லாத்தையும் எரிச்சுட்டு இங்க ஸ்கேன் மெஷின் வைக்கப்போறாங்க. மேல வரைபடமே போட்டுட்டாங்க அக்கா."

மெழுகக்கா கைக்கடியில் இருந்த சக்கரத்தைப் பார்த்தாள். இருபத்தாறு ஆண்டுகளாக அவள் உள்ளங்கை தேய்த்து, கைப்பிடியின் கறுப்பு போய் வெள்ளி தெரிந்தது.

ஒன்றாம் நம்பர் ஒரு சலவைத் தொழிலாளி. மார்பில் கட்டி. அந்தக் காலத்தில் அறுவையைத் தவிர வேறு எதுவும் இல்லை. இரண்டு ஆண்டு தாங்கினால் பெரிது. ஆனால் பேரேட்டில் அவளுடைய பதில் அட்டைகள் முப்பத்தொன்று இருந்தன. கடைசி அட்டையில், 'நலம். முழங்கால் மட்டும் வலிக்கிறது' என்று யாரையோ விட்டு எழுதியிருந்தாள்.

"எப்படிப் பொழைச்சாங்கன்னு யோசிச்சுப் பாருங்க" என்றாள் சின்ன டாக்டர். "இப்ப ஒரு குறி கண்டுபிடிச்சிருக்கோம். சில கட்டில மட்டும் இருக்கும். அது இருக்கறவங்களுக்கு நோய் திரும்பி வராதுன்னு எங்க கணக்கு. அப்படின்னா அவங்களுக்குக் கடுமையான மருந்தே தேவையில்ல, முடி கொட்டாது, வாந்தி இல்ல. ஆனா அத நிரூபிக்க முப்பது வருஷம் காத்திருக்கணும். நாம காத்திருக்கவே வேண்டாம் அக்கா! அந்த முப்பது வருஷமும் உங்க அலமாரில இருக்கு."

"குறி இருந்தா எப்படித் தெரியும்?"

"பழுப்பா நிறம் ஏறும். இல்லைன்னா வெறும் நீலம்."

பிளாக்கை எடுத்து வந்து வைத்ததும் மூவரும் அதன் மேல் குனிந்தார்கள். அந்தக் காலத்து வழக்கப்படி மெழுகை ஒரு சிறு மரத்துண்டின் மேல் ஒட்டியிருந்தார்கள். மரம் காய்ந்து ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தது. மெழுகில் மிஞ்சியிருந்த சதை இரண்டு தலைமுடிப் பருமன்தான்.

"உருக்கிப் புது அச்சுல ஊத்திடலாமா? அதான முறை" என்றாள் சின்ன டாக்டர்.

"உருக்குனா வேற சாய்வுல போயி உக்காரும். அதைச் சமமா சீவறதுக்குள்ள பாதி போயிரும். முன்னாடி அறுத்தவ எந்தச் சாய்வுல அறுத்தாளோ அதே சாய்வு வேணும். மரத்தோடயே அறுக்கறேன்."

"மரம் கோணியிருக்கே?"

"மரம்தானே கோணியிருக்கு. அவ அறுத்த முகம் அப்படியேதான் இருக்கு."

பிளாக்கின் மேல் ஈரப் பஞ்சை வைத்து அரை மணி நேரம் பனிக்கட்டியில் கவிழ்த்தாள். காய்ந்த சதை கொஞ்சம் ஈரம் குடித்தால்தான் பொடியாகாது. பிறகு பிடிப்பில் இறுக்கி, கத்திக்கு மிக அருகே கொண்டுபோய், கீழே விளக்கை வைத்தாள். பழைய வெட்டு முகம் பளபளத்தது. அதற்கும் கத்திக்கும் நடுவே நூல் போல ஒரு வெளிச்சக் கோடு. முகம் கோணலாக இருந்தால் கோடு ஒரு பக்கம் தடித்து, மறு பக்கம் மெலியும். மூன்று திருகுகளையும் மாற்றி மாற்றிக் கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்பினாள். நாற்பது நிமிடம் ஆனது. கோடு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே பருமனில் வந்ததும் சின்ன டாக்டரைக் குனிந்து பார்க்கச் சொன்னாள்.

"இதுதான் அவளோட சாய்வு" என்றாள். யாரென்று தெரியாத அந்தப் பழைய அறுப்புக்காரியை நேரில் பார்த்தது போல அவள் முகம் மலர்ந்தது.

சாயக்காரி மூக்கை உறிஞ்சினாள்.

"ஏய், சளியா? வெளிய போ."

"நானா? அக்கா, நான் பாக்க வேண்டாமா?"

"ஒரு தும்மல் போட்டேன்னா அறுபது வருஷம் காலி. கதவுக் கண்ணாடி வழியாப் பாரு, போ."

முதல் சுற்றில் தூள்தான் வந்தது. இரண்டாவதிலும் தூள். சின்ன டாக்டர் கண்களை மூடிக்கொண்டாள். மெழுகக்கா குனிந்து, வாயை அகலத் திறந்து, பிளாக்கின் முகத்தில் மெல்ல ஒரு மூச்சு விட்டாள். கண்ணாடியில் ஆவி படிவது போல மெழுகு மங்கியது. மங்கல் விலகுவதற்குள் சக்கரம் சுற்றியது.

ஒன்று. முழுத் துண்டு.

மூச்சு, சுற்று. மூச்சு, சுற்று. மூன்றாவது துண்டின் ஓரத்தில் முடி போல ஒரு மடிப்பு விழுந்தது. "விடுங்க, பரவால்ல" என்று சின்ன டாக்டர் கிசுகிசுத்தாள். ஏழு, எட்டு. கதவுக்கு வெளியே சாயக்காரி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தாள். பத்தும் ஒன்றோடொன்று ஒட்டிய ரிப்பனாகத் தண்ணீரில் மிதந்தபோது, சின்ன டாக்டர் செல்பேசியில் படமெடுத்துக்கொண்டே அழுதாள். சாயக்காரி உள்ளே ஓடி வந்து, தண்ணீர்த் தொட்டிக்கு முதுகைக் காட்டி நின்று, மூன்று முறை தும்மினாள்.

"குறிக்கான சாயத்த மேல லேப்ல ஏத்துவாங்க. செவ்வாய்க்கெழம அறுபதாம் ஆண்டு விழால டைரக்டரே ரிசல்ட்ட சொல்வாரு. அதுவரைக்கும் நான் வாயத் தெறக்கக் கூடாதாம்" என்றாள் சின்ன டாக்டர். "முன் வரிசைல வந்து உக்காரணும் அக்கா. வாசல்ல பெரிய திரை கூட வைக்கறாங்க."

"வராம? பொடவைய இஸ்திரி போட்டு வைக்கிறேன்."

திங்கள் மாலை ஒப்பந்த நிறுவனத்தின் சூப்பர்வைசர் கீழே வந்து மெழுகக்காவிடம் புது அடையாள அட்டையை நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்க. நாளைக்கு உங்க இடைவெளி நாள்."

பதினொரு மாதத்துக்கு ஒரு அட்டை. அது முடிந்தால் ஒரு நாள் வேலை இல்லை; மறுநாள் புது அட்டை. தொடர்ந்து வேலை பார்த்ததாகக் கணக்கு வராமலிருக்க அந்த ஒரு நாள். எல்லா அட்டைகளிலும் 'புதிய பணியாளர்' என்றுதான் அச்சடித்திருக்கும்.

"நாளைக்கு விழா சார். வேலைக்கு இல்ல, பாக்கத்தான் வரேன்."

"அதெல்லாம் கேட்ல பேசிக்கங்கம்மா. எங்கிட்ட தேதிதான் இருக்கு."

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு இஸ்திரிப் புடவையில் அவள் வாசலில் நின்றாள். காவலாளி பழக்கப்பட்டவர்தான். விருந்தினர் பட்டியலை இரண்டு முறை மேலிருந்து கீழாகத் தேடினார்.

"பேரு இல்லையேக்கா. அட்டையக் குடுங்க, பாப்போம்."

சின்ன டாக்டருக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தது, உள்ளே விழா தொடங்கிவிட்டது. வாசல் திரையில் டைரக்டர் பேசிக்கொண்டிருந்தார். அறுபது ஆண்டுகளாக ஒரு நோயாளியைக்கூட இந்த நிலையம் தவறவிட்டதில்லை என்றார். அடுத்து ஒரு படம் வந்தது. தண்ணீரில் மிதக்கும் ரிப்பன். அதன் பின்னால் ஒரு கண்ணாடித் தகடு திரை முழுக்க விரிந்தது. ஓரத்தில் கயிறு போல ஒரு மடிப்பு. நடுவில் பழுப்பு, நல்ல அடர்த்தியான பழுப்பு.

"பழுப்பு!" என்று கத்தினாள் மெழுகக்கா. காவலாளி திடுக்கிட்டுத் திரும்பினார். "அண்ணே, பாருங்க, பழுப்பு! அது என் மூணாவது துண்டு! அந்த மடிப்பப் பாருங்க, நான் அறுத்ததுண்ணே! அந்தம்மாவுக்குக் குறி இருந்திருக்கு! ஸ்டோரு எங்கயும் போகாது!"

உள்ளே எழுந்த கைதட்டல் ஒலிபெருக்கிகளில் வெளியே வந்தது. அவளும் கைதட்டினாள். தோள்பை நழுவி முழங்கைக்கு வந்துவிட்டது. அதையும் ஆட்டிக்கொண்டே தட்டினாள்.

"சந்தோஷம்கா, ரொம்ப சந்தோஷம்" என்றார் காவலாளி. அவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது. "இருங்க, எப்படியாவது பாக்கறேன்."

மேசைமேல் அவளுடைய இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்தார். ஒன்று நேற்றோடு முடிந்திருந்தது. இன்னொன்று நாளை தொடங்கியது. அவர் இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி நேராக்கி, இரண்டுக்கும் நடுவே விரலை வைத்து இன்றைய தேதியைத் தேடிக்கொண்டிருந்தார்.