தகாத சிரிப்பு

"இன்னிக்காவது அந்த மனுவைக் குடுத்துத் தொலையேன்."

"யார்கிட்ட குடுக்கறது? மனு வாங்கறதும் நான்தான், முத்திரை குத்தறதும் நான்தான்."

"நல்லதாப் போச்சு. உனக்கு நீயே சிபாரிசு பண்ணிக்கோ!"

காலையில் பித்தான் தேடிக்கொண்டே கணவன் சொன்னது, மத்தியானம் வரை அவள் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் கேரம் இறுதிப் போட்டி. கடைசிக் காயைக் குறிபார்த்த எதிராளி, ஸ்ட்ரைக்கரையே குழிக்குள் தள்ளினான். அவளுக்குக் களுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. விதி பதினான்கு, தகாத சிரிப்பு. போட்டி ஆட்டங்கள் ஒழுங்காற்று இயக்ககம் அவளை ஆடக்கூடாது என்று தடை செய்தது. 'புகார் நான் குடுக்கலைங்க' என்று சொல்ல எதிராளி வீடு தேடி வந்தான். அடுத்த வாரமும் அதையே சொல்ல வந்தான். மூன்றாம் வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவன்தான் இப்போது பித்தான் தேடுகிறவன்.

தேர்வெழுதி அதே இயக்ககத்தில் அவளுக்கு வேலையும் கிடைத்தது. ஆடத்தான் கூடாது, கோப்பு சுமக்கலாம். கோலிக்கு எடைச் சான்றிதழ், சீட்டாடுகிறவர்களின் முகபாவத்துக்கு முன் அனுமதி என்று மலை மலையாகக் கோப்பு. சிரிப்பதை அவள் அடியோடு விட்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் 'உம்மணாமூஞ்சி' என்று பெயர். நீக்கச் சொல்லிப் பன்னிரண்டு வருடத்துக்குள் மனு வராத தடை, ஆயுள் தடையாகிவிடும். கெடு இன்று ஐந்து மணி.

கைப்பிடி உடைந்த முத்திரைக்குப் பதிலாக, மூன்று மாதம் முன்பு கிடங்கிலிருந்து ஒரு பழைய மரமுத்திரை வந்தது. செதுக்கியிருந்தது 'நிராகரிக்கப்பட்டது' என்ற ஒரே சொல். எவ்வளவு மை தொட்டாலும் அது பதியவில்லை. ஒருநாள் அலுப்பில் ஒரு மனுவை அவள் உரக்கப் படித்தாள். குத்தினாள். 'அனுமதிக்கப்பட்டது' என்று பளிச்சென்று விழுந்தது! அன்றிலிருந்து படித்துப் படித்துக் குத்தினாள். நியாயமில்லாத மனுவுக்கு 'நிராகரிக்கப்பட்டது' என்றும் விழத்தான் செய்தது. ஆனாலும் நாற்பத்தோரு பேர் பிழைத்துப் போனார்கள்.

சாப்பாட்டு வேளையில், ஆளில்லாதபோது, தன் மனுவை மனசுக்குள் படித்துக் குத்திப் பார்த்தாள். வெள்ளைத்தாள். முணுமுணுத்துப் பார்த்தாள். ஒரு புள்ளி விழுந்தது.

நாலரை மணிக்கு இயக்குநர் புது முத்திரையோடு வந்தார்.

"இதுக்கு மை தானா ஊறும். யாரும் வாயைத் திறக்க வேணாம். அந்தப் பழசைக் குடும்மா, அடுப்புல போடணும்."

"ஒரு மனு பாக்கி இருக்கு சார்."

"நாளைக்கு இதுல குத்திக்கலாம்."

"நாளைக்கு ஆயுள் தடை ஆயிடும்."

"யாருக்கு?"

"எனக்கு."

இயக்குநர் பழைய முத்திரையைப் பிடித்து இழுத்தார். அவள் விடவில்லை. இழுத்த வேகத்தில் கை வழுக்க, மறுகையிலிருந்த புது முத்திரை அவர் வழுக்கையிலேயே 'நிராகரிக்கப்பட்டது' என்று பதிந்தது.

களுக்.

கூடமே தலைதூக்கியது. உம்மணாமூஞ்சி சிரிக்கிறாள்!

"அலுவலக நேரத்துல சிரிப்பா? விதி பதினாலு என்ன சொல்லுதுன்னு—"

"மனப்பாடம் சார்."

பழைய முத்திரையை ஒரு கையில் பிடித்தபடியே, சாப்பாட்டு டப்பாவுக்கு அடியிலிருந்து மடிப்பு மடிப்பான தன் மனுவை எடுத்தாள். 'தாழ்மையுடன்' என்று தொடங்கியது. அந்தச் சொல்லைத் தாண்டிவிட்டு, எழுந்து நின்று, கடைசி மேஜைக்கும் கேட்கும்படி படித்தாள்.

"நான் சிரிச்சது தப்பில்லை. என்னை மறுபடியும் ஆட விடுங்க."